பழைய காரில் ஆயில் லீக்: இடத்தைக் கண்டுபிடித்த பிறகு ஸ்பானரை எடுங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் முதன்முதலாகக் கார் வாங்குகிறவர்கள் பலர் செகண்ட் ஹேண்டில்தான் தொடங்குகிறார்கள். மாருதி 800, ஆம்னி, ஜென், சான்ட்ரோ, இண்டிகா. தோட்டம், மாடு, மண்டி வேலை என்று இருக்கிற வீட்டில் ஒரு பொலேரோ. பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டியை எடுத்துக் கொஞ்ச நாளில் வாசல் சிமெண்டில் கறுப்பாக ஒரு வட்டம் தெரியும். பார்க்கிறவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். “இன்ஜின் இறக்கணும்” என்பார் ஒருவர். “பழைய வண்டின்னா அப்படித்தான், ஊத்தி ஊத்தி ஓட்டு” என்பார் இன்னொருவர். இரண்டு பேர் பேச்சையும் கேட்காதீர்கள்.

பழைய காரில் ஆயில் வெளியே வருவதற்குப் பெரும்பாலும் காரணம் சூட்டில் கிடந்து இறுகிப்போன ஒரு ரப்பர்தான். இரண்டு உலோகப் பாகங்கள் சேரும் இடத்தில் இருக்கும் பேக்கிங், சுழலும் தண்டைச் சுற்றியுள்ள ஆயில் சீல், சின்ன ஓ ரிங், இவற்றில் ஏதாவது ஒன்று. புதிதாக இருக்கும்போது விரலால் அமுக்கினால் அமுங்கும். வருடங்கள் ஆனதும் பிளாஸ்டிக் போலக் கெட்டியாகி, வெடித்து, வழி விட்டுவிடும். பொருளின் விலை குறைவு. எந்த ரப்பர் என்று தெரியாமல் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதில்தான் பணம் போகிறது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஆயில் கசிந்த உடனே இன்ஜின் கெட்டுவிடாது. ஆயில் குறைந்தது தெரியாமல் ஓட்டினால் கெடும். அதனால் அளவைக் காப்பாற்றுவது இன்றைக்கே தொடங்க வேண்டிய வேலை. இடத்தைக் கண்டுபிடிப்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை நிதானமாகச் செய்யலாம்.

ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்த வேண்டும். நம் ஊர்த் தெருக்களில் வாசலுக்கு ஏற்றமாகச் சாய்தளம் போட்டு அதன்மேல் வண்டியை ஏற்றி நிறுத்துவது வழக்கம். அங்கே ஸ்டிக்கை, அதாவது இன்ஜினில் செருகியிருக்கும் ஆயில் அளவுக் கம்பியைப் பார்த்தால் கணக்கு தப்பும். மட்டமான தரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் விடுங்கள்; மேலே இருக்கும் ஆயில் கீழே இறங்கட்டும். ஸ்டிக்கை இழுத்துத் துணியால் துடைத்து, முழுவதும் உள்ளே விட்டு, மறுபடி இழுத்துப் பாருங்கள். முதல் தடவை இழுத்தபோது தெரிந்த அளவைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

ஸ்டிக்கில் இரண்டு குறிகள் இருக்கும். ஆயில் அவற்றுக்கு நடுவில் எங்கே இருந்தாலும் சரி. பல கார்களில் கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் இடையே ஏறக்குறைய 1 லிட்டர் பிடிக்கும், சின்ன இன்ஜினில் அதைவிடக் குறைவு. எனவே ஒரேயடியாக ஊற்றாமல் கால் லிட்டர் ஊற்றி, சற்று நேரம் விட்டு, மறுபடி பாருங்கள். லீக் ஆகிறதே என்று மேல்குறிக்கு மேலே ஊற்றிவைப்பதும் தவறு. அளவு கூடினால் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரைத்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. உள்ளே அழுத்தமும் கூடி லீக் இன்னும் அதிகமாகும்.

ஊற்றும் ஆயில் வண்டிப் புத்தகத்தில் சொன்ன கிரேடாக (ஆயில் எவ்வளவு கெட்டி என்பதற்கான எண்) இருக்க வேண்டும். புத்தகம் இல்லாவிட்டால் கடைசியாக என்ன ஊற்றினார்கள் என்று விற்றவரிடம் கேளுங்கள். பழைய பெட்ரோல் வண்டிகளுக்கு 20டபிள்யூ-40, டீசலுக்கு 15டபிள்யூ-40 என்று பரவலாக ஊற்றுகிறார்கள். டப்பாவில் ஏ.பி.ஐ. என்ற தரக் குறியீடு எஸ் என்று தொடங்கினால் பெட்ரோலுக்கு, சி என்று தொடங்கினால் டீசலுக்கு. கிரேடும் தரமும் ஒன்றாக இருந்தால் பிராண்டு மாறினாலும் ஒன்றும் ஆகாது. அவசரத்துக்கு ஒரு லிட்டர் டப்பாவும் ஒரு புனலும் டிக்கியில் கிடக்கட்டும்.

டாஷ்போர்டில் இருக்கும் சிவப்பு ஆயில் விளக்கை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பழைய வண்டிகளில் அது ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது; ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டது என்று சொல்லும். அது எரியும் நேரத்தில் பேரிங்குக்கு ஆயில் போவதே நின்றிருக்கலாம்.

கீழே கிடப்பது என்ன ஆயில்?

ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து ராத்திரி வண்டிக்கு அடியில் விரித்து வையுங்கள். அட்டை நகராமல் கல் வைத்து, முன் சக்கரம் எங்கே இருக்கிறது என்று அதன்மேல் பேனாவால் குறித்துவிடுங்கள். காலையில் எந்த இடத்துக்கு நேராகச் சொட்டியிருக்கிறது, எவ்வளவு சொட்டியிருக்கிறது என்று இரண்டும் தெரியும்.

இன்ஜின் ஆயில் பழுப்பு முதல் கறுப்பு வரை இருக்கும், வழுவழுப்பாக இருக்கும். டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். கியர் ஆயில் அதைவிடக் கெட்டி, முகர்ந்தால் கந்தக வாடை அடிக்கும். பவர் ஸ்டீயரிங் ஆயில் பல வண்டிகளில் சிவப்பாக இருக்கும். கூலண்ட் பச்சையாகவோ சிவப்பாகவோ இருக்கும், தண்ணீர்போல ஓடும், இனிப்பு வாடை வரும். ஏசி போட்டு ஓட்டிய பிறகு விழும் வெறும் தண்ணீரைக் கண்டு பயப்பட வேண்டாம். சக்கரத்துக்கு உட்பக்கம் மெல்லிசாக, இளமஞ்சளாக, எண்ணெய்ப் பசையோடு ஈரம் இருந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியானால் வண்டியை எடுக்காதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள்.

கீழே ஒரு சொட்டும் இல்லை, ஆனால் ஸ்டிக்கில் அளவு மட்டும் குறைகிறதா? ஆயில் உள்ளே எரிந்துகொண்டிருக்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்யும்போதோ, இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போதோ நீலம் கலந்த புகை வரும். அது வால்வு சீல் அல்லது பிஸ்டன் ரிங் வேலை. ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் பால்போல வெளுத்த பசை இருந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் பேக்கிங்கைச் சந்தேகப்பட வேண்டும். இந்த இரண்டுக்கும் இந்தக் கட்டுரை போதாது.

ஓட்டலாமா, நிறுத்தலாமா?

இன்ஜின்மேல் பிசுக்கும் தூசியும் படிந்திருக்கிறது, கீழே சொட்டவில்லை என்றால் நிம்மதியாக ஓட்டுங்கள். வாரம் ஒரு தடவை ஸ்டிக்கைப் பார்த்தால் போதும். அட்டையில் நாலைந்து சொட்டு விழுந்திருந்தால் ஓட்டலாம், தினமும் காலையில் பார்க்க வேண்டும், தள்ளிப்போடாமல் சரிசெய்ய வேண்டும். இன்ஜின் ஓடும்போது கண்ணெதிரே சொட்டிக்கொண்டே இருந்தால் ஒர்க் ஷாப் தவிர வேறு எங்கும் எடுத்துப் போகாதீர்கள்.

நின்றிருக்கும்போது விழும் சொட்டை வைத்து மட்டும் கணக்குப் போடவும் முடியாது. சில லீக் இன்ஜின் ஓடும்போது, அழுத்தம் இருக்கும்போது மட்டும் வரும். அதனால் ஒரு நோட்டில் கிலோமீட்டரையும் ஸ்டிக் அளவையும் எழுதி வையுங்கள். 500 கிலோமீட்டருக்கு எவ்வளவு ஊற்றினோம் என்ற கணக்கு மெக்கானிக்குக்கும் உதவும்.

இரண்டு விஷயத்தில் சமாதானமே கிடையாது. ஓட்டும்போது கருகல் வாடை வந்தாலோ, பானெட்டுக்கு அடியிலிருந்து புகை எழுந்தாலோ ஆயில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின்மேல், அதாவது இன்ஜினிலிருந்து புகையை வெளியே எடுத்துப்போகும் சூடான குழாய்மேல் விழுந்துகொண்டிருக்கலாம். இன்ஜின் ஆயிலின் ஆவி 200 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே தீப்பற்றக்கூடியது. சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போதோ, கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் ஏறும்போதோ மேனிஃபோல்ட் அதைவிட எவ்வளவோ சூடாகும். இரண்டாவது, உங்களுக்குப் பின்னால் வருகிறவர்கள். கணவாய் வளைவில் உங்கள் வண்டி விட்டுப்போகும் ஆயில்மேல் ஒரு தூறல் விழுந்தால் டூவீலரில் வருகிறவர் சறுக்கி விழுவார். சொட்டிக்கொண்டே இருக்கிற வண்டியை அந்த ரோட்டில் எடுக்கவே கூடாது.

கழுவிவிட்டுத் தேடுங்கள்

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். பல வருட ஆயிலும் செம்மண் தூசியும் சேர்ந்து இன்ஜின் முழுக்க ஒரே கறுப்பாக இருக்கும்போது எங்கிருந்து வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த நிலையில் “இங்கதான்” என்று கை காட்டுகிறவர் ஊகித்துத்தான் சொல்கிறார்.

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். கடையில் கிடைக்கும் டீக்ரீசர் ஸ்பிரே இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கொஞ்சம் டீசலும் பழைய பெயிண்ட் பிரஷும் போதும். பெட்ரோலை மட்டும் தொடாதீர்கள், ஒரு பொறி பட்டால் போதும். பிசுக்கை ஊறவிட்டு, பிரஷால் தேய்த்து, பனியன் வேஸ்ட் துணியால் துடைத்து எடுங்கள். வாட்டர் வாஷில் விட்டு பிரஷர் தண்ணீர் அடித்தால் சீக்கிரம் முடியும்தான். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுப்பது), ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் செய்வது), வயர் சாக்கெட் எல்லாவற்றுக்குள்ளும் தண்ணீர் போய் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும். அங்கேதான் கழுவுவது என்றால் அவற்றை பாலிதீன் கவரால் இறுக்கமாகக் கட்டிவிட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

எல்லாம் காய்ந்த பிறகு சந்தேகமான இணைப்புகள்மேல் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை மெல்லிசாகத் தூவுங்கள். பெல்ட் பக்கம் தூவ வேண்டாம். பேட்டரி வயரை மாட்டி, ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, சுற்றும் மின்விசிறியிலிருந்து கையையும் துணியையும் தள்ளி வைத்துக்கொண்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஆயில் இறங்கிய வழி கறுப்புக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போங்கள். ஆயில் கீழே இறங்கும், ஓடும்போது காற்று அதைப் பின்னாலும் தள்ளும். எனவே ஈரம் தெரியும் இடங்களிலேயே மிக மேலே, மிக முன்னே இருப்பதுதான் பிறப்பிடம். கீழே சேம்பரில் (இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) தொங்கும் சொட்டைப் பார்த்துவிட்டுச் சேம்பர் பேக்கிங்கை மாற்றக் கூடாது. மேலே டேப்பட் கவரில் (இன்ஜினின் உச்சியில் வால்வுகளை மூடியிருக்கும் கவர்) கசிந்த ஆயிலும் வழிந்து இறங்கி அங்கேதான் போய்த் தொங்கும்.

பாலக்கோட்டில் எனக்குத் தெரிந்த ஒருவரின் ஜென்னில் இரண்டு தடவை டேப்பட் கவர் பேக்கிங் மாற்றினார்கள், லீக் நிற்கவில்லை. கழுவிப் பவுடர் போட்டுப் பார்த்தபோது சிவப்பு விளக்கை எரியவைக்கும் ஆயில் பிரஷர் சுவிட்சின் வயர் மாட்டும் முனையிலிருந்தே ஆயில் ஊறி வந்தது. வயரை இழுத்தால் அதன் உறைக்குள்ளும் ஆயில். கட்டைவிரல் அளவு பொருள் அது. இன்ஜின் ஓடும்போது மட்டும் அழுத்தத்தில் கசியும், அணைத்தால் நின்றுவிடும். அதனால் நிறுத்திவைத்துப் பார்த்தவர்கள் கண்ணில் படவே இல்லை.

மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக

முதலில் ஆயில் ஊற்றும் மூடி. அதன் ரப்பர் வளையம் இறுகியிருந்தால் மூடியைச் சுற்றி ஈரம் இருக்கும். மூடியையே மாற்றிவிடலாம். அடுத்தது டேப்பட் கவர். பழைய வண்டிகளில் நான் அதிகம் பார்த்த லீக் இதுதான், கீழே தனியாகச் சொல்கிறேன். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய பெட்ரோல் வண்டிகளில் அது இன்ஜினோடு சேரும் இடத்தில் ஒரு ஓ ரிங் இருக்கும். அங்கே கசிந்தால் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்ற வேண்டும், கழற்றினால் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) மாறும். அது மெக்கானிக் வேலை. பிரஷர் சுவிட்சைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

ஆயில் ஃபில்டர் மாற்றிய உடனே லீக் தொடங்கியிருந்தால் பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜின் பக்கமே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கும், அதன்மேல் புதியதை மாட்டியிருப்பார்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் எப்போது வேண்டுமானாலும் பிதுங்கி, சில நிமிடங்களில் முழு ஆயிலும் வெளியே வந்துவிடும். உடனே கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். புது ஃபில்டர் வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, கையால் திருகி, வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று போதும்.

பழைய ஆயிலை வடிக்கச் சேம்பரின் அடியில் கழற்றும் ட்ரெயின் போல்ட்டின் வாஷர் ஒரு தடவை நசுங்கினால் அதன் வேலை முடிந்தது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் புதிது போட வேண்டும். கடையில் கேட்டு வாங்குங்கள், கொடுக்காவிட்டால் நீங்களே வாங்கிக் கொண்டு போங்கள். லீக் நிற்கட்டும் என்று ட்ரெயின் போல்ட்டை முரட்டுத்தனமாக இறுக்குவதால்தான் மரை போகிறது. மரை போன சேம்பரை லேத்தில் கொடுத்துப் புது மரை போட்டுச் சரிசெய்ய முடியும், புதுச் சேம்பர் வாங்க அவசரப்பட வேண்டாம்.

சேம்பர் அடி வாங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, அரூர் பக்கக் கிராம ரோடுகளில் குறியிடாத வேகத்தடையில் தாழ்வான வண்டியின் அடி தட்டுவது சகஜம். தகரச் சேம்பர் உள்ளே நெளிந்திருந்தால் லீக்கைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு: ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் சேம்பரின் அடியை ஒட்டித்தான் இருக்கும். நெளிவு அதை அடைத்தால் ஆயில் நிறைய இருந்தும் இன்ஜினுக்குப் போகாது.

வண்டிக்கு அடியில் போகும்போது ஒரு எச்சரிக்கை. வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஒரு தடவை குலுக்கிப் பார்த்துவிட்டுப் போங்கள். ஸ்டாண்டு இல்லாவிட்டால் ஒர்க் ஷாப்பின் பிட்டுக்கு (அடியில் நின்று வேலை பார்க்கும் குழி) போய்விடலாம்.

டேப்பட் கவர் பேக்கிங்: நீங்களே மாற்றலாம்

ரிங் ஸ்பானர் அல்லது டி ஸ்பானர் பிடித்துப் பழகியவர்கள் இதை வீட்டிலேயே செய்யலாம். முதலில் கவர் போல்ட்கள் தளர்ந்திருக்கின்றனவா என்று தொட்டுப் பாருங்கள். மெதுவாக இறுக்கினாலே சில வண்டிகளில் நின்றுவிடும். நிற்காவிட்டால் பேக்கிங் மாற்றத்தான் வேண்டும். ஸ்பார்க் பிளக்குகள் இந்தக் கவரின் நடுவே உள்ள குழிகளுக்குள் இருக்கும் இன்ஜின் என்றால் அந்தக் குழிகளின் ரப்பர் வளையங்களையும் சேர்த்து வாங்குங்கள். அவை கசிந்தால் ஆயில் பிளக்கைச் சுற்றி நின்று வண்டி மிஸ்ஸிங் அடிக்கும்.

ஆறிய இன்ஜினில், கழற்றும் முன் போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏர் ஃபில்டர் டப்பா, ப்ரீதர் பைப் (இன்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேறும் பைப்), குறுக்கே வரும் வயர் எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். கவரைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டுத்தான் போல்ட்டைக் கழற்ற வேண்டும்; இல்லாவிட்டால் மண் நேராக உள்ளே விழும். கவர் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் மரக்கட்டை வைத்துப் பக்கவாட்டில் தட்டுங்கள். ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால் அலுமினிய முகத்தில் கீறல் விழும். அந்தக் கீறல் புது லீக்கின் வழி.

கவர் வந்ததும் திறந்திருக்கும் பகுதியைச் சுத்தமான, நூல் பிரியாத துணியால் மூடுங்கள். ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் தேடி எடுப்பது பெரும்பாடு. பழைய பேக்கிங்கையும் முன்பு யாரோ பூசிய பசையையும் பிளாஸ்டிக் துண்டால் சுரண்டி எடுங்கள். சுரண்டிய துகள் ஆயில் வழியில் விழக் கூடாது, அது ஸ்ட்ரெய்னரில் போய் அடைக்கும். கவரைக் கண்ணாடித் துண்டின்மேல் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். தகரக் கவர் என்றால் முன்பு அளவுக்கு மேல் இறுக்கியதில் போல்ட் துளையைச் சுற்றிக் குழிந்திருக்கும். அதை மரச்சுத்தியால் தட்டிச் சமன் செய்யாமல் எந்தப் பேக்கிங் போட்டாலும் நிற்காது.

ரப்பர் பேக்கிங் உலர்வாகவே உட்கார வேண்டும். அனபாண்ட் மாதிரியான சிலிகான் பசையைச் சுற்றிலும் பூசுவது பழக்கமாகிவிட்டது, அது வேண்டாம். வளைவு திரும்பும் மூலைகளில், பிறை வடிவ ரப்பர் சேரும் இடத்தில், புத்தகம் சொன்னால் மட்டும் ஒரு பொட்டு வைக்கலாம். அதிகம் பூசினால் உட்பக்கம் பிதுங்கிய பசை உதிர்ந்து ஆயிலோடு சுற்றும்.

போல்ட்களை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு சுற்றில் இறுக்குங்கள். இவை சின்ன போல்ட்கள். 10 நியூட்டன் மீட்டரோ அதற்கும் குறைவோதான் பல இன்ஜின்களில் அளவு. டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) இல்லாவிட்டால் ஸ்பானரின் தலைப்பக்கத்தை இரண்டு விரலால் பிடித்து மணிக்கட்டின் பலத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், தோள் பலம் வேண்டாம். பசை வைத்திருந்தால் ராத்திரி முழுக்க விட்டுவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யுங்கள்.

சீல் மாற்றும் முன் ப்ரீதரைப் பாருங்கள்

இன்ஜின் ஓடும்போது பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே இறங்கும். அது வெளியேற ஒரு ப்ரீதர் பைப்பும், பல பெட்ரோல் வண்டிகளில் பி.சி.வி. வால்வும் உண்டு. அந்தப் பாதை கறுப்புக் கசடால் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த ரப்பர் பலவீனமோ அங்கே ஆயிலைத் தள்ளும். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று இடத்தில் கசிந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். பைப்பைக் கழற்றி டீசலில் கழுவி ஊதிப் பாருங்கள். பி.சி.வி. வால்வைக் காதருகே வைத்துக் குலுக்கினால் டக் டக் என்று சத்தம் வர வேண்டும், வராவிட்டால் மாற்றுங்கள்.

பாதை சுத்தமாக இருந்தும், ஐடிலில் (நின்றபடி இன்ஜின் மெதுவாக ஓடும்போது) ஆயில் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று அடித்து வருகிறதா? அதைத்தான் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்கிறார்கள். பிஸ்டன் ரிங்கும், பிஸ்டன் ஓடும் துளையான போரும் தேய்ந்திருக்கும். அதிகம் ஓடிய டீசல் வண்டிகளில் இதைப் பார்க்கலாம். இந்த நிலையில் புது சீல் போட்டாலும் சில மாதத்தில் மறுபடி கசியும். இன்ஜின் வேலைக்குச் செலவு செய்வதா, அளவைப் பார்த்துப் பார்த்து ஓட்டுவதா என்று வண்டியின் மதிப்பை வைத்து முடிவெடுங்கள்.

மெக்கானிக்கிடம் போக வேண்டிய சீல்கள்

கிராங்க் முன் சீல், கேம் சீல் (வால்வுகளைத் திறக்கும் தண்டின் சீல்) இரண்டும் டைமிங் பெல்ட் உள்ள வண்டிகளில் பெல்ட் கவருக்குள் இருக்கும். மாருதி 800, ஜென், சான்ட்ரோ, இண்டிகா டீசல் எல்லாமே பெல்ட் வண்டிகள். ஆயில் பட்ட பெல்ட் ஊறி, பல் பிய்ந்து, ஓடும்போது அறுந்தால் வண்டி அங்கேயே நிற்கும். சில இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி வளையும். எனவே பெல்ட் கவரின் அடியில் ஆயில் ஈரம் கண்டால் தாமதிக்காதீர்கள். திறந்த கையோடு இரண்டு சீல், பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், கூலி ஒன்றுதான்.

இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தின் அடியிலிருந்து சொட்டினால் கிராங்க் பின் சீலாக இருக்கலாம். முதலில் முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை வந்தால் அது கியர் பாக்ஸ் சீல். பின் சீலை மாற்ற கியர் பாக்ஸை இறக்க வேண்டும், கூலிதான் அதிகம். ஆயில் கிளச் பிளேட்டில் பட்டிருந்தால் ஏற்றத்தில் தெரியும்: இன்ஜின் சத்தம் ஏறும், வண்டி வேகம் ஏறாது. இறக்கும் வேலை வந்தால் கிளச் பிளேட்டையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.

ஒர்க் ஷாப்பில் பேசும்போது, “அண்ணா, ஆயில் லீக் சரி பண்ணுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். “அண்ணா, கழுவிட்டுப் பார்த்தேன், இந்த இடத்துல இருந்துதான் இறங்குது, நீங்களும் ஒரு தடவை பாருங்க” என்று டார்ச் அடித்துக் காட்டுங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். குனிந்து பார்த்து ஆமாம் என்பார், இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று சொல்வார். வேலைக்கு முன்னால் பொருள் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். கழற்றிய பழைய சீலை வாங்கிப் பாருங்கள். உதடு இறுகி வெடித்திருந்தால் சரியான இடத்தைத்தான் திறந்திருக்கிறார்கள்.

மாருதி, டாடா, மஹிந்திரா பொருள்கள் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஸ்பேர்ஸ் கடைகளில் கிடைக்கும். உற்பத்தி நின்றுபோன மாடல் என்றால் சேலத்திலோ, பெங்களூரு ஜே.சி. ரோட்டிலோ தேட வேண்டியிருக்கும். பழைய சீலின்மேல் அச்சிட்ட அளவு எண்களைப் படம் எடுத்துக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம்.

லீக்கை நிறுத்தும் மருந்து என்று டப்பாவில் விற்பதை ஊற்றச் சொல்வார்கள். அது ரப்பரைக் கொஞ்சம் ஊதச்செய்யும். லேசான கசிவு சில காலம் குறையலாம். வெடித்த ரப்பரை அது ஒட்டவைக்காது. கெட்டி ஆயிலுக்கு மாறுவதும் அப்படித்தான். புத்தகம் அனுமதித்தால் செய்யலாம், இல்லாவிட்டால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மேலே ஆயில் ஏறத் தாமதமாகும்.

ரோட்டில் சிவப்பு விளக்கு எரிந்தால்

ஆக்சிலேட்டரை விடுங்கள், இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் போய் நிறுத்துங்கள், நின்ற பிறகு இன்ஜினை அணையுங்கள். தொப்பூர் இறக்கத்தில் இந்த வரிசை மிக முக்கியம். ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியைத் திருப்பி அணைத்தால் பிரேக் பூஸ்டர் சீக்கிரம் பலம் இழக்கும், பெடல் கல்லாக இறுகும். சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். நியூட்ரலிலும் தள்ளாதீர்கள். கியரிலேயே ஓரங்கட்டுங்கள்.

பத்து நிமிடம் கழித்து ஸ்டிக்கைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, விளக்கு சில விநாடியில் அணைகிறதா, கீழே ஒழுகுகிறதா என்று பாருங்கள். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தாலோ, ஊற்ற ஊற்ற ஒழுகினாலோ மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணுக்கு அழைத்தால் உதவி கிடைக்கும். டோ வண்டிக் கூலி புது இன்ஜின் செலவில் ஒரு சிறு பங்குகூட ஆகாது.

வேலை முடிந்த பிறகு

வடித்த ஆயிலைக் கேனில் பிடித்து வைத்து, பழைய ஆயில் எடுக்கும் ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய ஆயிலும் அபாயக் கழிவுதான். சாக்கடையிலோ, வேலியோரக் குழியிலோ ஊற்றாதீர்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருக்கிறதென்று ஒகேனக்கல்லிலிருந்து குழாய் போட்டுக் குடிநீர் கொண்டுவந்திருக்கும் மாவட்டங்கள் இவை. இருக்கிற கிணற்றுத் தண்ணீரில் ஆயிலையும் கலக்க வேண்டாம்.

சரிசெய்த இடத்தைத் துடைத்து மறுபடி பவுடர் போடுங்கள். முதல் நாள் ஓட்டம் முடிந்ததும் ஒரு தடவை, 100 கிலோமீட்டர் கழித்து ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள். முதல் வாரம் ராத்திரி அட்டையும் விரியுங்கள். சேசிஸ் பள்ளங்களில் தங்கியிருக்கும் பழைய ஆயில் இரண்டொரு நாள் சொட்டும், அதற்காக மறுபடி எதையும் கழற்ற வேண்டாம். ஒரு வாரம் தாண்டியும் அட்டையில் புது வட்டம் விழுந்தால் கழுவுவதிலிருந்து மறுபடி தொடங்குங்கள். பழைய வண்டியில் பெரிய லீக் நின்ற பிறகுதான் அதன் பக்கத்திலிருந்த சின்ன லீக் கண்ணில் படும்.